எட்டு உறுப்பு மின்மினி

ஒசாகாவின் நிப்போன்பாஷியில் உராதாவின் மின்னணு உதிரிபாகக் கடை இரண்டாம் மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவன் வழி தப்பி வந்தவனாக இருக்க மாட்டான். ஒன்று, அவனுக்கு ஒரு டையோடு வேண்டும். இல்லையென்றால் பேச ஆள் வேண்டும். இரண்டாவது ரகம்தான் அதிகம். கல்லாவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து இரண்டு ரகத்துக்கும் பதில் சொல்கிறவள் ஹமாதா மினேகோ. வயது நாற்பத்தாறு. வாடிக்கையாளர் கேட்கிற பொருளை இழுப்பறையிலிருந்து எடுப்பாள், மீட்டரில் வைத்து அளப்பாள், அப்புறம்தான் காகித உறையில் போடுவாள். பத்தாண்டுகளாக இதில் மாற்றமில்லை.

"புதுசுதானே, அளக்காமலே குடுத்தா என்ன?" என்று அவசரக்காரர்கள் கேட்பதுண்டு.

"புதுசுன்னு அதுவே சொல்லுச்சா?" என்பாள்.

அந்தப் பழக்கம் அவளுக்குத் தொழிற்சாலையில் வந்தது. வகாயமா பக்கத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஒருவரின் மூன்றாவது மகள் அவள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒசாகாவுக்கு வந்து, பெரிய கம்பெனிகளுக்குக் கால்குலேட்டர் செய்து கொடுத்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கட்டைவிரல் நகம் அளவு சோலார் செல்களைச் சோதிக்கும் வேலை. மேலே விளக்கு, கீழே தட்டு. செல்லின் இரண்டு ஓரத்திலும் இரண்டு ஊசிகளைத் தொட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். நல்லது இடப்பக்கம், கெட்டது வலப்பக்கம். ஒரு நாளைக்கு மூவாயிரம். பதினேழு வருடம் இதைச் செய்தாள். தொழிற்சாலை மூடியபோது மற்றவர்கள் பூங்கொத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவள் மேலாளரிடம் சொல்லிவிட்டு, வலப்பக்கத் தட்டில் கிடந்த செல்களில் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போனாள்.

கழித்த செல் என்றாலும் அரை வோல்ட் வரும். ஆனால் அரை வோல்ட்டில் எதுவும் ஓடாது. ஒரு எல்இடி கண் திறக்கவே இரண்டு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கிணற்றில் முழங்கால் தண்ணீர் கிடக்கிறது, வயல் மேட்டில் இருக்கிறது என்கிற கணக்குதான். தண்ணீரை ஏற்ற ஒரு வழி வேண்டும். குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று கட்டைவிரலால் அடைத்தால் பீய்ச்சி அடிக்குமே, மின்சாரத்திலும் அது நடக்கும். கம்பி சுற்றிய ஒரு வளையத்தின் வழியாகக் கொஞ்சம் ஓடவிட்டு டக்கென்று மூடினால், அரை வோல்ட் துள்ளி மூன்று வோல்ட்டாக எழும்பும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படித் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். அந்த டிரான்சிஸ்டரே அரை வோல்ட்டில் விழித்துக்கொள்கிற ரகமாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உராதா கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் மினேகோ இதைத் தானாகவே படித்தாள். ஒரு கையில் அகராதி, மறு கையில் ஆங்கிலத்தில் அச்சான விவரத்தாள். ஒரு தாளைப் படித்து முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். சுவரில் மாட்ட ஒரு பட்டம் வராத படிப்பு. ஆனாலும் பட்டம் மாட்டியவர்களே படியேறி வந்து, "ஹமாதா சான், சுருள் எத்தன சுத்து?" என்று கேட்டுப் போனார்கள்.

ஆறு வருட ஞாயிறுகளின் முடிவில் மின்மினி பிறந்தது. ஒரு செல், ஒரு வளையம், அதில் சுற்றக் கம்பி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டையோடு, இரண்டு கெப்பாசிட்டர், ஒரு எல்இடி. எட்டே உறுப்பு. வெயிலே வேண்டாம், மேகம் போட்ட நாளில் ஜன்னலோரம் வைத்தாலும் நொடிக்கொருதரம் பச்சையாக மினுக்கும்.

உராதா முதலாளி அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எழுபதை நெருங்குகிறவர், பாராட்டத் தெரியாதவர்.

"எதிர்க் கடைக்காரன் பன்னெண்டு உறுப்புல பண்ணி வெச்சிருக்கான்" என்றார். "நீ எட்டுல முடிச்சிட்ட. நம்ம ஊருல எட்டுன்னாலே ராசி. பையில போட்டு விப்போம். லேபிள்ல உன் பேரையே போட்டுக்க. ஓடலன்னா திட்டு உனக்கு வரட்டும்."

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. புதிய பை எதுவானாலும் மூன்று வாடிக்கையாளர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் தாளை மட்டும் பார்த்துச் செய்து பார்க்க வேண்டும். ஓடினால் தாளின் பின்பக்கம், கையெழுத்துக்குப் பதிலாக எல்லோரும் வைத்திருக்கும் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். மூன்று முத்திரை விழுந்த பிறகுதான் பை அலமாரிக்கு ஏறும். மின்மினியைச் செய்து பார்த்தவர்கள், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஷிபா, ஒரு பல் வைத்தியர், மீன் சந்தையில் வேலை பார்க்கும் ஒருவர். மூன்று முத்திரையும் ஒரே வாரத்தில் விழுந்தன. முந்நூறு லேபிள் அச்சாகி வந்தது. 'எட்டே உறுப்பு. மேகமூட்டத்திலும் மினுக்கும்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'வடிவமைப்பு: ஹமாதா மினேகோ.' சம்பளச் சீட்டையும் வீட்டுக் கதவையும் விட்டால் அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. லேபிள் கட்டில் மேலாக இருந்த ஒன்றைத் தன் கைப்பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஜூன் முதல் வாரத்தில், தான் செய்த மின்மினிகளில் ஒன்றை மாதிரிக்காகக் கடை ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். மழை மாதம் முழுக்க அது மினுக்கிக்கொண்டே இருந்தது.

ஜூலையில் மழை ஓய்ந்தது. கோடை விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை வகுப்புக்காக, கிஷிவாதாவில் ஓர் ஆரம்பப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் குனிமோதோ நாற்பது பை வாங்கிப் போனார். இது நன்றாக நடந்தால் பக்கத்துப் பள்ளிகளுக்கும் சொல்வதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. குனிமோதோ சென்செய்தான்.

"ஹமாதா சான், உங்க மின்மினி செத்துப்போச்சு."

"எத்தன, சென்செய்?"

"அஞ்சுக்கு அஞ்சு. முன்கூட்டியே செஞ்சு பாப்போம்னு அஞ்சு புள்ளைங்கள வெச்சு செஞ்சேன். ஒரே ஒரு தடவ மினுக்குச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. கைதட்டு முடியறதுக்குள்ள அதுவும் முடிஞ்சிருச்சு."

"டையோட தலைகீழா போட்டிருப்பாங்களோ?"

"நானே உக்காந்து பாத்தேங்க. வியாழக்கெழம நாப்பது பேரு வர்றாங்க. செத்த மின்மினிய எல்லாருமா கூடி அடக்கம் பண்றதுதான் பாடம்னா இப்பவே சொல்லிருங்க, ஊதுவத்தி வாங்கி வெச்சுக்கறேன்."

"நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க, சென்செய்."

"குடுக்கறேன். முடியலன்னா வேற எடத்துல ரெடிமேடா ஒரு சோலார் பொம்மைய வாங்கிருவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

உராதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் சொன்னார்: "பொம்ம வாங்கறதோட போகாது மினே. வாத்தியாருங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. அலமாரியில இருக்கறத எடுக்க வேண்டி வரும். பேசாம லைட்டு மேல பழியப் போடு. பள்ளிக்கூடத்துல இப்ப எல்லாம் எல்இடி லைட்டு, அது செல்லுக்குப் பத்தாதுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஜன்னலோரமாத்தான் வெச்சு பாத்தாராம்."

"அப்ப ஜன்னல் மேல போடு."

அவள் அலமாரியிலிருந்து மூன்று பைகளை எடுத்து மேசையில் கொட்டினாள். சாயங்காலத்துக்குள் ஒன்றைச் செய்து முடித்தாள். மினுக்கியது. புதன்கிழமை காலையில் மற்ற இரண்டையும் செய்தாள். அவையும் மினுக்கின. மேசை விளக்கை அணைத்தாள், செல்லின் பாதியைக் கையால் மறைத்தாள். கொஞ்சம் சுணங்கியதே தவிர நிற்கவில்லை. ஓடாமல் போனாலாவது கோளாறைத் தேடலாம். ஓடுகிற ஒன்றில் எதைத் தேடுவது?

பதினொரு மணிக்கு ஷிபா வந்தார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது அவர் வருகிற நேரம் அது.

"என்னோடது ஒரு மாசமா மினுக்குது" என்றார். "என் பொண்டாட்டி அதுக்குப் பேரு வெச்சு பேசிக்கிட்டிருக்கா. என்கிட்ட பேசறதவிட அதிகமாவே பேசறா. அந்த வாத்தியாருக்கு சால்டர் பிடிக்கத் தெரியலன்னா நாம என்ன பண்றது?"

"அஞ்சுமா தெரியாமப் போகும்?"

"பதினஞ்சு வருஷம் டிராம் ஓட்டியும் பிரேக்கு எங்க இருக்குன்னு தெரியாதவன் எல்லாம் எங்க டிப்போவுல இருந்தான்."

"நீங்கதானே அது?" என்றார் உராதா, தினத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மதியச் சோற்றுருண்டையை அவள் பிரித்தபோது மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை குனிமோதோவின் குரலில் கிண்டலை விடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது.

"ஹமாதா சான், கோளாறு எங்கன்னு பாப்போம்னு மீட்டர எடுத்து வெச்சேன். தாள்ல நீங்க 'அளக்க விரும்புவோர் இங்கே'ன்னு ஒரு எடத்துல அம்புக்குறி போட்டிருக்கீங்கல்ல, அங்கதான். வெச்ச ஒடனே உயிர் வந்துருச்சு. எடுத்தா போயிருது. அஞ்சும் அப்படித்தான். என்ன பண்ணட்டும், நாப்பது புள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு மீட்டர் வாங்கித் தரட்டுமா?"

மினேகோ போனைக் காதில் வைத்தபடியே தன் மேசையைப் பார்த்தாள். மூன்று மின்மினி, மூன்று மீட்டர். மூன்றிலும் சிவப்புக் கவ்வி அம்புக்குறி போட்ட அதே காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டருக்குள் திறந்து மூடுகிற வேலையைப் பார்க்கும் கால் அது. சுற்று ஓடுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால் ஆறு வருடமும் கவ்வியை மாட்டிவிட்டுத்தான் செல்லுக்கு வெளிச்சம் காட்டினாள்.

"அப்பறம் கூப்பிடறேன், சென்செய்."

கவ்வியைக் கழற்றினாள். முதல் மின்மினி ஒரு தடவை மினுக்கி நின்றது. இரண்டாவதையும் கழற்றினாள். அதுவும் நின்றது. மூன்றாவதைத் தொடவில்லை.

"ஷிபா சான், உங்க வீட்டுல மினுக்குதே, அதுல மீட்டர் மாட்டியிருக்கா?"

"மாட்டாம?"

"ஒரு மாசமாவா?"

"பின்ன? மாட்டலன்னா அது ஓடுதான்னு எப்படித் தெரியும்?"

"அதான் மினுக்குதே!" என்றார் உராதா. இப்போது தினத்தாளை மடித்துவிட்டிருந்தார்.

மினேகோ பல் வைத்தியருக்குப் போன் செய்தாள். மீட்டரை மாட்டினேன், மினுக்கியது, முத்திரை குத்தினேன், கழற்றி டப்பாவில் போட்டேன் என்றார் அவர். மீன் சந்தைக்காரரும் அதையேதான் சொன்னார், டப்பாவுக்குப் பதில் இழுப்பறை. கடையின் சட்டத்தை மூன்று பேரும் மீறவில்லை. மீட்டரை மாட்டாமல் ஒரு சுற்றுக்கு உயிர் கொடுக்கிற வழக்கம் அந்தப் படியேறி வருகிற யாருக்குமே இல்லை, அவ்வளவுதான். குழந்தைகளிடம்தான் மீட்டர் இல்லை.

"அப்ப அது?" என்று ஷிபா ஜன்னலைக் காட்டினார். நூலில் தொங்கிய மின்மினி, மீட்டர் எதுவும் இல்லாமல், சாவகாசமாக மினுக்கிக்கொண்டிருந்தது. "அதுக்கு மட்டும் சாமி வரமா?"

மினேகோ அதை அவிழ்த்துக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் சால்டர் வைத்தபோது உருகிய பிசின் பழுப்பாகப் படிந்து, அதன் மேல் ஒரு மாத மழை ஈரமும் தூசும் ஒட்டியிருந்தன. மாதிரிதானே என்று துடைக்காமல் மாட்டியது. ஒரு தூரிகையை எடுத்து ஆல்கஹாலில் நனைத்தாள்.

"மினே, அது ஒண்ணுதான் நல்லா ஓடுது. அத ஏன் தொடற?"

"அதனாலதான், முதலாளி."

துடைத்து, மேசை விசிறிக்கு முன்னால் காயவைத்து, செல்லை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு பச்சை மினுக்கல். மூன்று பேரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு மினுக்கலுக்கும் கொஞ்சம் மின்சாரம் அந்தக் காலில் வந்து தேங்குகிறது. தேங்கியது வடிந்தால்தான் டிரான்சிஸ்டர் மறுபடி திறக்கும். வாய்க்கால் வெட்டியவள் வடிகால் வெட்டவில்லை. மீட்டருக்குள் எப்போதுமே பத்து மெகா ஓம் அளவில் ஒரு மெல்லிய வழி இருக்கிறது. தேங்கியது அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஜன்னலில் தொங்கியதற்கு ஈரமும் பிசினும் வடிகாலாக இருந்தன. மழை நின்ற பிறகு, புதுப் பலகையில், குளிர்சாதனம் ஓடும் வகுப்பறையில், வடிய வழியே இல்லை. ஆறு வருடமாக அவள் மின்மினிக்கு ஒன்பது உறுப்பு. ஒன்பதாவதைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டைத்தான் எண்ணியிருக்கிறாள்.

பதினேழாம் வரிசை இழுப்பறையிலிருந்து பத்து மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, மீட்டர் கவ்விய அதே காலில் சால்டர் வைத்தாள். மின்மினி மினுக்கியது. மீட்டர்கள் மூன்றும் அணைந்து மேசை ஓரத்தில் கிடந்தன. பத்து நிமிடம் பார்த்தாள். கை இரண்டு தடவை கவ்விப் பக்கம் போய்த் திரும்பியது.

"அப்பாடா!" என்றார் உராதா. "பைக்குள்ள இன்னொண்ணு போட்டுரு. லேபிள் அப்படியே இருக்கட்டும். எட்டு உறுப்பு, ஒண்ணு இலவசம். ஒசாகாவுல இலவசம்னா யாரு கோவிச்சுக்கப் போறா?"

"எட்டுல மினுக்காது, முதலாளி."

"லேபிள் முந்நூறு அடிச்சாச்சு."

"கையால திருத்தறேன்."

"அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"கீழ உன் பேரு இருக்கு, மினே."

"அதனாலதான் சொல்றேன்."

உராதா லேபிள் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு தினத்தாளை விரித்துக்கொண்டார். "சிவப்பு மை மேல் தட்டுல இருக்கு" என்றார்.

திருத்துவதற்கும் முறை இருக்கிறது. தவறின் மேல் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கோட்டின் மேல் திருத்தியவர் தன் சிறு முத்திரையைக் குத்த வேண்டும். வங்கியிலும் நகர அலுவலகத்திலும் அப்படித்தான். வெள்ளை மை தடவி மறைத்தால் திருத்தம் செல்லாது. மினேகோ 'எட்டே' என்பதன் மேல் இரண்டு கோடு இழுத்தாள். 'ஒன்பது' என்று எழுதினாள். 'ஹமாதா' என்று முத்திரை குத்தினாள். விற்றுப்போனவை நாற்பது பள்ளிக்கு, பதினொன்று உதிரியாக. மீதம் இருநூற்று நாற்பத்தொன்பது. வாங்கிய பதினோரு பேரில் ஒன்பது பேரின் முகவரி அவளிடம் இருந்தது. ஆளுக்கொரு அஞ்சலட்டை எழுதி, ஒட்டுத்தாளில் ஒரு ரெசிஸ்டரை ஒட்டினாள். மற்ற இரண்டு பேருக்காகப் படிக்கட்டில் ஓர் அறிவிப்பு.

ஷிபா போகாமல் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையைத் தடவித் தன் முத்திரையை எடுத்தார்.

"என்னோடதையும் குத்து."

"எதுக்கு? தப்பு என்னோடது."

"ஓடுதுன்னு சொன்னது நானு. அதோட, ஒரு லேபிள்ல என் பேரு வர்றதுக்கு இந்த ஜென்மத்துல இது ஒண்ணுதான் வழி."

அவர் முத்திரையும் விழுந்தது. சில லேபிள்களில் தலைகீழாக.

முந்தின சாயங்காலமே குனிமோதோவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை ரயிலில் அவள் கிஷிவாதா போனாள். பையில் காகிதப் பட்டையில் வரிசையாக ஒட்டிச் சுருட்டிய நாற்பது ரெசிஸ்டர், திருத்திய நாற்பது லேபிள். குனிமோதோ வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லேபிளைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், ஊதுவத்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வகுப்பில் நாற்பது குழந்தைகள். எட்டு வரைக்கும் எல்லோரும் செய்து முடித்தபோது அவள் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்துக்கொண்டே மேசை மேசையாகப் போனாள். பிசின் வாசனையும் புகையுமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகமே இல்லை. முதல் பச்சை ஜன்னலோர வரிசையில் வந்தது, அப்புறம் அதன் பின்னால், அப்புறம் எண்ண முடியவில்லை. நிற்காமல் மினுக்கின. கைதட்டு முடிந்த பிறகும் மினுக்கின. மூன்று மட்டும் எழவில்லை. ஒன்றில் டையோடு தலைகீழ், இரண்டில் சால்டர் ஒட்டவில்லை. அவற்றைக் கண்ணால் பார்த்தே சொன்னாள். மீட்டரை அவள் கொண்டுவரவில்லை.

கடைசி மேசையில் ஒரு சிறுமி இன்னும் ஒன்பதாவதை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் 'யாகுரா' என்று பெயர்ச்சீட்டு.

"அத்தே, இது இல்லாமப் பாத்தேன். ஒரு தடவ மினுக்குச்சு, நின்னுருச்சு."

"ஆமா, நிக்கும்."

"லேபிள்ல கோடு போட்டு ஒங்க பேரு இருக்கே. ஒங்களுக்கும் இப்படித்தான் நின்னுச்சா?"

"எனக்கு நிக்கவே இல்ல" என்றாள் மினேகோ. "அதான் தெரியாமப் போச்சு."

சிறுமி அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கவனமாகக் குனிந்து ஒன்பதாவதை வைத்தாள், சால்டர் தொட்டாள், ஊதினாள். செல்லை ஜன்னல் பக்கம் நீட்டி, மினுக்கல்களை வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். இருபதைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. மினேகோவும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடவே எண்ணிக்கொண்டு நின்றாள்.